முதல்ல குழாய்

சோபாவைப் பாதி வெளியே தூக்கிவிட்டார்கள். சாவு விழுந்த வீட்டில் முதல் வேலை அதுதான். முன்னறையைக் காலி செய்தால்தான் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழ முடியும். முன்னால் பிடித்திருந்தவன் பின்பக்கமாகவே நகர்ந்து வாசற்படியில் கால் வைத்தபோது சித்தாலு குறுக்கே வந்து நின்றாள்.

"கீழ வைங்க. எதையும் தொடாதீங்க."

"ஏன்க்கா?"

அவள் கையை விரித்து வழியை மறித்தாள். அவன், துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து அவளைச் சுற்றிக்கொண்டு போனான். சோபா வெளியே போய்விட்டது.

உள்ளே, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், பெசா கிடந்தான். அவளுடைய ஒரே தம்பி. நேற்று இந்நேரம் ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சிசெங்கா குடியிருப்பின் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். லுசாக்கா மாநகராட்சியில் அந்த வார்டுக்கு இடைத்தேர்தல். இரண்டு கட்சிக்காரர்களுக்கு நடுவே, ஏணிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றாள், சந்தையில் கோழி விற்கும் சித்தாலு. நாளை வாக்குப்பதிவு. இன்றோடு பிரசாரம் முடிகிறது.

"எங்கக்கா ஜெயிச்சா முதல்ல குழாய்! ரெண்டாவது கால்வாய்! மூணாவது விளக்கு! நாலாவது குப்பை வண்டி!" என்று கத்திவிட்டு, கூட்டம் கைதட்டும் வரை பொறுத்து, "அஞ்சாவது, எங்கக்காவுக்கு ஒரு மாப்பிள!" என்பான். ஒவ்வொரு சந்திலும் அதே சிரிப்பு. "வாய மூடுடா" என்று அவள் ஒவ்வொரு முறையும் திட்டுவாள். திட்டுவதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

நேற்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். கெட்டுப்போன மீனாக இருக்கும் என்று அவன் மனைவி எனெலேசி இஞ்சி தட்டிக் கொடுத்திருக்கிறாள். விடிந்ததும் அவனைக் கூப்பிட வந்த சித்தாலுவுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. கண்கள் குழிக்குள் போயிருந்தன. விரல் நுனிகள் துவைத்த துணிபோலச் சுருங்கியிருந்தன. கட்டிலுக்குக் கீழே வாளியில் இருந்தது மலமே இல்லை. அரிசி கழுவிய தண்ணீர். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் அவனைக் கிடத்தி, மழைச் சேற்றில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், சாராயக்கடை முக்கில், "அக்கா, ஒலிபெருக்கிக்கு பேட்டரி மாத்தணும்" என்றான். அதற்கப்புறம் பேசவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது அம்மா கொல்லையில் கரி அடுப்பை மூட்டி வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா தண்ணி?"

"எதுக்குன்னு கேக்குற? குளிப்பாட்ட வேணாமா எம்புள்ளைய?"

"கொஞ்சம் பொறும்மா."

"என்னத்துக்குப் பொறுக்கணும்? அழுக்கோட கெடக்கான்டி அவன்." அம்மா நிமிர்ந்து பார்க்காமல் அடுப்பை விசிறினாள். "நீ முதல்ல ஒரு எடத்துல உக்காரு. செத்த வீட்டுல இப்படி அலைஞ்சா நாலு பேரு என்ன நெனப்பாங்க."

சித்தாலுவால் உட்கார முடியவில்லை. கொல்லையிலிருந்து வாசலுக்கு வந்தாள். வாசலிலிருந்து சந்து முனைக்குப் போய்த் திரும்பினாள். உள்ளே பெண்கள் வர வர அழுகை கூடிக்கொண்டே போனது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் எனெலேசியின் கைகளைப் பற்றினார்கள். இரவெல்லாம் அவனைத் துடைத்த கைகள். அவற்றைப் பற்றிய கைகளாலேயே அவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள், குழந்தைகளின் முகத்தைத் துடைத்துவிட்டார்கள். சித்தாலு அதை மட்டுமே பார்த்தாள்.

சந்து முனையில் தெம்போ அவளைப் பிடித்தார். அவளுடைய தேர்தல் வேலையெல்லாம் அவர் தலையில்தான். அந்தப் பக்கத்தின் பெரிய கிணறும் அவருடையதுதான். அவர் இல்லாவிட்டால் அவள் மனுத்தாக்கலே செய்திருக்க முடியாது. விறகு, மாவு மூட்டை, சவப்பெட்டிக்கு ஆள் என்று காலையிலிருந்தே எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன; பெசாவை அவருக்கு நிஜமாகவே பிடிக்கும்.

"என்னன்னு சொல்றதா இருக்க, தங்கச்சி?"

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும். மலேரியான்னு சொல்லு. மழைக் காலம், நம்புவாங்க. எனெலேசிகிட்டயும் சொல்லிட்டேன்."

"வாளியைப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தை மட்டும் உன் வாயிலேர்ந்து விழுந்துச்சு, மத்தியானத்துக்குள்ள மாநகராட்சிக்காரன் வந்து எல்லாக் கெணத்தையும் மூடிடுவான். சனம் எதக் குடிக்கும்? மேட்டுத் தெருக் கொழா வரைக்கும் போய் வரிசைல நிக்குமா? கொழா வராம ஒரு கெணத்தையும் மூட விடமாட்டேன்னு மேடைல நின்னு சொன்னது யாரு? நானா?"

சொன்னது அவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை, எதிர்க்கட்சி ஆள் ஒருவன் கூட்டத்திலிருந்து "அந்தக் கெணத்துத் தண்ணிய நீ குடிப்பியா?" என்று கத்தினான். அவள் பதில் சொல்வதற்குள் பெசா மேடைமேல் இருந்த குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டான். அன்று கிடைத்த கைதட்டல் அதுவரை எங்கும் கிடைத்ததில்லை. அந்தக் குவளையா, வீட்டுக் குடமா, வழியில் யாராவது கொடுத்ததா, யாருக்குத் தெரியும். எல்லாம் ஒரே கிணறு.

"ஒரே ஒரு நாள்தான கேக்குறேன்" என்றார் தெம்போ. "நாளைக்கு ஓட்டு முடியட்டும். நீ ஜெயிச்சாதான இங்க கொழா வரும்? தோத்துட்டா யாரு வந்து போடுவா? அவன் ஆசையும் அதுதான. ஊர் கூடி நல்லபடியா அடக்கம் பண்ணுவோம். மாநகராட்சிக்காரன் வந்தா பையில போட்டுக் கட்டித் தூக்கிட்டுப் போவான். உங்கம்மா தாங்குவாளா?"

தாங்கமாட்டாள். அதில் சித்தாலுவுக்குச் சந்தேகமே இல்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள்தானே. அவள் தலையசைத்தாள். என்னத்துக்குத் தலையசைத்தோம் என்று அவளுக்கே தெளிவில்லை. தெம்போ அவள் தோளைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அவள் திரும்பி வந்தபோது முற்றத்தில் ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் குடிக்க. தெம்போவின் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டு வந்து ஊற்றினார்கள். மூடியில் ஒரே ஒரு பிளாஸ்டிக் குவளை. வெயில் ஏறியிருந்தது, அழுது களைத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து மொண்டு குடித்தார்கள். பக்கத்துச் சந்திலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தி வந்திருந்தாள். பெசா அவளை "ரெண்டு ஓட்டு" என்று கேலி செய்வான். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குவளையை முக்கி எடுத்தாள்.

சித்தாலு ஓடியதை யாரும் எதிர்பார்க்கவில்லை. டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். அது ஒருமுறை ஆடிவிட்டு நின்றது. மறுபடி, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சாய்ந்தது. தண்ணீர் முற்றமெல்லாம் பரவி, பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் துணிகளை நனைத்து, துக்க வழக்கப்படி ஆண்கள் மூட்டியிருந்த நெருப்பை அணைத்தது. நிறைமாதக்காரி கையில் குவளையோடு அப்படியே நின்றாள். சித்தாலு அதையும் பிடுங்கி எறிந்தாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சு இவளுக்கு" என்றாள் அம்மா, கொல்லை வாசலிலிருந்து.

"என் தம்பி காலராவுல செத்தான்" என்றாள் சித்தாலு.

அழுகை நின்றது. உள்ளே, முன்னறையில்கூட நின்றது. தெம்போ தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார்.

"காலரா" என்று மறுபடியும் சொன்னாள். மேடையில் பேசும் குரல் தானாக வந்துவிட்டது. "யாரும் யார் கையையும் தொடாதீங்க. சோப்புப் போட்டுக் கழுவுங்க. கொதிக்க வெச்ச தண்ணி இல்லாம எதையும் குடிக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்றேன்."

ஆட்கள் விலக ஆரம்பித்தார்கள். முதலில் மெதுவாக, பிறகு செருப்பைக்கூடத் தேடாமல்.

வெள்ளை உடுப்பும் ரப்பர் காலணியும் போட்டுக்கொண்டு வந்தவர்கள் வீட்டுக்குள் மருந்து அடித்தார்கள். பெசாவை ஒரு பையில் வைத்து ஜிப்பை இழுத்தபோது அம்மா கத்தவில்லை. வெந்நீர்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"ஒரு குவளை அவன்மேல ஊத்திடறேன்" என்று அந்த வெள்ளை உடுப்புக்காரனிடம் கேட்டாள். "பெத்தவ கை. ஒரே ஒரு குவளை."

"முடியாதும்மா" என்றான் அவன். கடுமையாகச் சொல்லவில்லை. அம்மா சித்தாலுவைப் பார்த்தாள். பிறகு பானையைத் தரையில் வைத்துவிட்டாள்.

இன்னொரு கூட்டம் தெம்போவின் கிணற்றில் குளோரினைக் கொட்டி, இரும்பு மூடியைப் போட்டுச் சங்கிலி கட்டியது. அடுத்த சந்துக் கிணற்றிலும் கட்டியது. குடங்களோடு நின்ற பெண்கள் சித்தாலுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் அச்சடித்த சட்டையைப் போட்டிருந்த ஒருத்தி அதைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல கொழா, முதல்ல கொழான்னு ஊரெல்லாம் கத்தினியே" என்றாள் அவள். "எங்கடி கொழா?"

சித்தாலு அவர்களோடு வந்திருந்த அதிகாரியிடம் போனாள். சின்ன வயசுக்காரர், கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கெணத்த மூடிட்டீங்க. தண்ணிக்கு?"

"அது எங்க வேலை இல்லம்மா. தண்ணி லாரிக்கு வேற ஆபீஸ். எழுதிப் போடுங்க, வரும்."

"எப்ப?"

"வரும்மா."

உடலை ஏற்றிய வண்டி புறப்படத் தயாராக உறுமியது. சித்தாலு நடந்துபோய் அதன் முன்சக்கரத்துக்கு நேராக, சேற்றில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"லாரி வரட்டும். அப்புறம் போங்க."

அதிகாரி குனிந்தார். "அம்மா, உள்ள இருக்கறது உங்க தம்பி."

"தெரியும்."

"வெயில் ஏறுது. சீக்கிரம் அடக்கம் பண்ணணும்."

"அப்ப சீக்கிரம் போன் பண்ணுங்க."

ஓட்டுநர் ஹாரனை அடித்தான். அவள் அசையவில்லை. உட்கார்ந்துவிட்டாளே தவிர, விரல்கள் மட்டும் சேற்றைப் பிசைந்துகொண்டே இருந்தன. அம்மா வண்டிக்குப் பின்னால் நின்றபடி, "எந்திரிடி. ஏன்டி அவனைப் போட்டு இந்தப் பாடு படுத்துற?" என்று ஒரு முறை சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, சட்டையைப் புரட்டிப் போட்டவள் வந்து, சித்தாலுவைப் பார்க்காமலே, தன் காலிக் குடத்தை வண்டிக்கு முன்னால் வைத்தாள். அப்புறம் இன்னொருத்தி. வண்டிக்கு முன்னால் குடங்களும் வாளிகளுமாகச் சந்தே அடைத்துப்போனது. அதிகாரி போனை எடுத்து யாரிடமோ கத்த ஆரம்பித்தார். பிறகு கெஞ்சினார். பிறகு மறுபடி கத்தினார்.

நிழல்கள் நீண்ட பிறகு லாரி வந்தது. எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கம் ஓடியதும் சந்து திறந்துகொண்டது. சித்தாலு எழுந்தாள். கால்கள் மரத்திருந்தன.

இடுகாட்டுக்கு நான்கு பேர் மட்டும் போகலாம், தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். எனெலேசி ஏறினாள். எனெலேசியின் அண்ணன் ஏறினான். தெம்போ, யாரும் கூப்பிடாமலே, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, சித்தாலுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வராத" என்றாள்.

சித்தாலு போகவில்லை. வண்டி முக்குத் திரும்பும்வரை பார்த்துவிட்டு, லாரிப் பக்கம் நடந்தாள். அங்கே சண்டை ஆரம்பித்திருந்தது. "வரிசை, வரிசை" என்று கத்தினாள். இருட்டும்வரை கத்திக்கொண்டிருந்தாள். குடத்துக்குக் குடம் ஆட்களை நகர்த்தினாள். நின்றால் விழுந்துவிடுவோம் போலிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு. தன் சந்து ஆட்களின் வரிசையிலேயே போய் நின்றாள். முந்தின வாரம் அவளைத் தோளில் தூக்கியவர்கள் முன்னால் நின்றார்கள். யாரும் திரும்பவில்லை. கேட்காமலே அந்த முதுகுகள் அவளுக்கு முடிவைச் சொல்லிவிட்டன. அவள் தோற்றாள், கிணறு இல்லாத தெருக்களில் அவளுக்கு விழுந்த ஓட்டுகூட அவளுடைய சொந்தச் சந்தில் விழவில்லை. தண்ணீர் லாரி மட்டும் தினமும் வந்தது. சிசெங்காவில் அந்த மழைக்கு இன்னும் சிலர் படுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். நிறைமாதக்காரிக்குப் பெண் பிறந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு.

வரிசையில் வெகு முன்னால் அம்மா நின்றிருந்தாள். இரவு ஒரே அறையில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். அம்மா உள்ளே போனாள். கட்டைவிரலில் மையோடு வெளியே வந்தாள். சித்தாலுவைத் தாண்டிப் போகும்போது கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அவள் துணியின் ஓரம் சித்தாலுவின் காலில் பட்டது.

வெயிலில் வரிசை ஊர்ந்தது. சித்தாலு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். உள்ளே போய், ஏணிக்கு நேராகக் குறியிட்டு, மடித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூட வாசலில், மாமரத்து நிழலைத் தாண்டி, அம்மா இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். முகம் ரோட்டுப் பக்கம் இருந்தது. சித்தாலு வெளியே வரும் சத்தம் கேட்டதும் நடக்க ஆரம்பித்தாள், திரும்பாமல். சேறில்லாத இடமாகப் பார்த்துக் கால் வைத்து, மெதுவாக. இடைவெளி கூடாத அளவுக்கு மெதுவாக.