வெளி ஆள்

காலை ஷிப்ட்டுக்குச் சைரன் ஊத ஐந்து நிமிடம் இருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் ஹெச்.ஆர். சாம்ராஜ் வந்து நின்றார். வழக்கமாக அந்த நேரத்தில் சூப்பர்வைசர்தான் பேசுவார். நேற்று எத்தனை பீஸ் ரிஜெக்ட், யார் கையுறை போடவில்லை என்று. ஹெச்.ஆர். வந்தால் ஆள் குறைப்பு. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"பயப்படாதீங்கப்பா. சனிக்கிழமை நாம தத்தெடுத்த ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே. கம்பெனி செலவு, கம்பெனி பேனர். வாலண்டியரா எட்டு பேர் வேணும். அட்டெண்டன்ஸ் உண்டு. பிரியாணி உண்டு."

"சார், பிரியாணிக்கே நாப்பது பேரு வருவோம் சார்," என்றான் பிரவீன்.

சிரிப்பு அடங்கும்வரை சாம்ராஜ் காத்திருந்தார்.

"ஒரு கண்டிஷன். அந்த ஸ்கூல்ல புள்ள படிக்கிறவங்க கை தூக்காதீங்க. பேரண்ட்ஸ் உள்ள வரக் கூடாதுன்னு ஹெச்.எம். ரூல். கொரோனாவுல வெச்சது. ஒருத்தரை விட்டா ஊரே உள்ள வந்துரும்."

முனிரத்தினம் கையைத் தூக்கினான்.

"உனக்குப் பொண்ணு இருக்குல்ல?"

"மறைமலை நகர்ல படிக்குது சார். மாமியா வூட்ல தங்கிக்கினு."

சாம்ராஜ் தலையாட்டிவிட்டு அடுத்த கையைப் பார்த்தார்.

அவன் மகள் கனிஷ்கா அந்தப் பள்ளியில்தான் ஒன்பதாவது படித்தாள். நன்றாக ஓடுவாள் என்று சொன்னார்கள். அவன் பார்த்ததில்லை. அவள் சின்ன வகுப்புகளில் இருந்தபோது விளையாட்டு விழாவுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். அப்போதெல்லாம் அவனுக்கு ஷிப்ட். பிறகு பள்ளியே மூடிக் கிடந்தது. திறந்தபோது பெற்றோர் வேண்டாம் என்றார்கள். நோய் போயிற்று. கேட்டருகே கை கழுவ வைத்திருந்த டிரம்கூடத் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போயிற்று. அந்தத் தடை மட்டும் போகவில்லை.

போன மாதம் அவன் மனைவி பாஞ்சாலி தலைமை ஆசிரியரிடம் நேராகவே கேட்டாள்.

"கொரோனா போயி எத்தினி வருஷம் ஆவுது சார். பஸ்ஸுல ஒட்டிக்கினு போறோம், ரேஷன் கடையில இடிச்சிக்கினு நிக்கறோம். எம் பொண்ணு ஓடறத பாத்தா மட்டும் ஒட்டிக்குமா?"

"நோய்க்காக இல்லம்மா. முன்னாடி பாதிப் பேர் வருவாங்க, பாதிப் பேருக்கு லீவு கெடைக்காது. வராதவங்க புள்ளைங்க அன்னிக்கி முழுக்க கேட்டையே பாத்துக்கினு நிக்கும். இப்ப யாருமே வர்றதில்ல. எல்லாப் புள்ளையும் ஒண்ணு."

கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளில் ஒன்று பாஞ்சாலியுடையது.

"இன்னொண்ணு," என்றார் அவர். "நீங்க வந்தா என் புள்ளதான் ஃபர்ஸ்ட்டுன்னு சண்டைக்கு வருவீங்க."

முனிரத்தினம் கை தூக்கிய கதையை வீட்டில் சொன்னதும் பாஞ்சாலி முதலில் திட்டினாள், பிறகு சிரித்தாள்.

"அடப்பாவி மனுஷா. பெத்த புள்ளைய எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டியா?"

"ஒரு நாளிக்குத்தானே. அது ஓடறத ஒரு தபா பாத்துடறேன்." அவன் கனிஷ்காவிடம் திரும்பினான். "அங்க என்ன அப்பான்னு கூப்ட்றாத. தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத. எதுனா வேணும்னா சார்னு கூப்டு."

அவளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை முழுக்க வீட்டில் அதே பேச்சுதான். சார், கொஞ்சம் நவுருங்க. சார், சட்னி குடுங்க. சார், உங்க போன் அடிக்குது. கடைசியில் பாஞ்சாலி கரண்டியைக் காட்டி அதட்ட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை கம்பெனி வேன் பள்ளிக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே தாய்மார்கள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கையில் போன். சிலர் ராத்திரி ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தார்கள். பாஞ்சாலி ஓரமாக நின்றாள். வேன் கடந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசி வைத்ததுதான்.

உள்ளே வாலண்டியர்களுக்குக் கம்பெனி டீ-ஷர்ட், தொப்பி, மாஸ்க் கொடுத்தார்கள். வெளி ஆட்கள் மாஸ்க் போட வேண்டும் என்பதும் தலைமை ஆசிரியரின் சட்டம். மேடையில் உட்காரப்போகிற கம்பெனி அதிகாரிகளுக்கு அந்தச் சட்டம் இல்லை.

"கொள்ளையடிக்க வந்தவன் மாதிரியே கீறேண்ணே," என்றான் பிரவீன்.

முனிரத்தினத்துக்கு மாஸ்க் வசதியாக இருந்தது. தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டான். பள்ளியில் அவன் முகம் தெரிந்தவர்கள் இல்லை. கையெழுத்துப் போட எப்போதும் பாஞ்சாலிதான் வருவாள். விளையாட்டு ஆசிரியர் தளவாய் அவனைப் பார்த்ததேயில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எல்லோரையும் விரட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் முடிவுக்கோட்டுல ரிப்பன் பிடிங்க. பிள்ளையோட நெஞ்சுல பட்டதும் விட்ரணும். இறுக்கிப் பிடிச்சிரப்பிடாது, கழுத்த அறுத்துரும்."

முடிவுக்கோடு மேடைக்கு நேர் எதிரே இருந்தது. கேட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. வகுப்பறைக் கட்டடம் மறைத்தது. அங்கே நின்றவர்களுக்கு ஓட்டம் தொடங்குகிற இடம் மட்டும் தெரியும்.

தண்ணீர் கேனும் முனிரத்தினத்தின் பொறுப்புதான். பிள்ளைகள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். கனிஷ்கா வந்தாள். முதுகில் நம்பர் குத்தியிருந்தது.

"சார், தண்ணி."

அவன் டம்ளரை நீட்டினான். அவள் அண்ணாந்து குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கண் சிரித்தது.

"தேங்க்ஸ் சார்."

"நல்ல மருவாதி தெரிஞ்ச பொண்ணுண்ணே," என்றான் பிரவீன். "மத்ததெல்லாம் யோவ் தண்ணின்னுதுங்க."

நானூறு மீட்டர் ஓட்டம் மைதானத்தை ஒன்றரை முறை சுற்றுவது. முதலில் வருகிறவள் சுற்றுவட்டாரப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்குப் போவாள். கனிஷ்கா ஒரு மாதமாக இதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே ஜெயித்தால் மாவட்டம். மாவட்டத்தில் ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். அதற்கு மேல் இருப்பதையும் பாஞ்சாலியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

விசில் ஊதியது. கேட்டுப் பக்கம் கூச்சல் எழுந்து, பிள்ளைகள் கட்டடத்தைத் தாண்டியதும் நின்றுபோயிற்று.

முனிரத்தினம் முதல்முறையாகத் தன் மகள் ஓடுவதைப் பார்த்தான். தின்ற தட்டை எடுத்து வைக்கச் சோம்பல்படுகிறவள் இவள்தானா என்றிருந்தது. தோள் அசையவில்லை. தலை அசையவில்லை. கால் மட்டும் வேலை செய்தது. முதல் சுற்றில் நாலாவதாக வந்தாள். ஒருத்தி மூச்சு வாங்கிப் பின்தங்கினாள். இன்னொருத்தியைத் திருப்பத்தில் தாண்டினாள். முன்னால் ஜெர்சி என்கிற பெண் ஒருத்திதான். ஒரகடம் பக்கத்துப் பெண், பத்தாவது, உயரம். போன வருஷம் முதலில் வந்தவள்.

மாஸ்க்குக்குள் அவன் வாய் மகள் பேரைச் சொன்னது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டான்.

கடைசித் திருப்பத்தில் பின்னால் வந்த ஒரு பெண் குப்புற விழுந்தாள். தளவாய் அவளை நோக்கி ஓடினார். மேடையில் பெரிய அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரர் அங்கே இருந்தார். சாம்ராஜும் அங்கே இருந்தார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கோட்டை நோக்கி வந்தார்கள். மேலே மோதிவிடுவார்கள் என்று பிரவீன் ரிப்பனை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். ரிப்பன் தரையில் விழுந்தது.

முனிரத்தினம் திரும்பவில்லை. கனிஷ்காவின் நெஞ்சு கோட்டைத் தாண்டியபோது ஜெர்சியின் தோள் அதற்குப் பின்னால் இருந்தது. ஒரு சாண் இருக்கும். அவன் கண் அதை விடவில்லை.

தளவாய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"யாருட்டி முதல்ல?"

"நான் சார்," என்றாள் கனிஷ்கா.

"பொய் சார். நான்தான் சார்," என்றாள் ஜெர்சி. அழத் தயாராக இருந்தாள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஓடுகிறவளுக்குப் பக்கத்தில் யார் என்று எப்படித் தெரியும்?

"பசங்களா, யாராச்சும் பாத்தியளா?"

பிள்ளைகள் இரண்டு கட்சியாகக் கத்தின. வெளியே அத்தனை போன் இருந்தது. உள்ளே ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

"நான் மூஞ்சத் திருப்பிக்கினேன் சார்," என்றான் பிரவீன். "மோதி மூக்கு ஒடஞ்சா கம்பெனியா காசு தரும்?"

சத்தம் கேட்டுச் சாம்ராஜ் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். முனிரத்தினத்தின் தோளில் கை வைத்தார்.

"இவர கேளுங்க மாஸ்டர். எட்டு வருஷமா எங்ககிட்ட இருக்காரு. குவாலிட்டி செக்கிங். முடி அளவு கீறல் இருந்தாலும் புடிச்சிருவாரு. இந்த ஸ்கூல்ல அவருக்கு யாரும் கிடையாது."

"அதான் சரி," என்றார் தளவாய். "வெளி ஆளு சொன்னா யாருக்கும் பேச்சில்ல. நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கனிஷ்கா இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயமே இல்லை. அப்பா பார்த்திருப்பார் என்று தெரியும். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால், அப்பனை வைத்து ஜெயித்தவள் என்பார்கள். கொடுத்ததைப் பிடுங்குவார்கள். அவன் அப்படித்தான் நினைத்தான். அடுத்த மாதம் அவன் வேலைக் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. எந்த நினைப்பு முன்னால் வந்தது என்று பிறகு எத்தனை முறை யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் கையை நீட்டினான். ஜெர்சியைக் காட்டினான்.

"அந்தப் பொண்ணு."

ஜெர்சியின் கூட்டம் குதித்தது. கனிஷ்கா குதிக்கவும் இல்லை, அழவும் இல்லை. உதட்டைக் கடித்தபடியே நின்றாள். பிறகு உதட்டை விட்டாள்.

"சார், நல்லா பாத்தீங்களா சார்?" என்றாள்.

"ஏ பிள்ள, பெரியவங்க சொன்னா ஒத்துக்கிடணும்," என்றார் தளவாய். "போ, ரெண்டாவது எடத்துல நில்லு."

பரிசளிப்பின்போது மெடல் தட்டைப் பிடிக்கும் வேலையும் அவனுக்கே வந்தது. நம்பகமான ஆள் என்று சாம்ராஜ் சொல்லியிருந்தார். பெரிய அதிகாரி தட்டிலிருந்து எடுத்து எடுத்துப் பிள்ளைகளின் கழுத்தில் போட்டார். கனிஷ்கா குனிந்தபோது தட்டுக்கு மிக அருகில் இருந்தாள். வியர்வை வாசம் வந்தது. அவள் தட்டைப் பார்த்தாள். தட்டுக்கு மேலே பார்க்கவில்லை.

மேடைக்குப் பின்னால் பிரியாணி பரிமாறினார்கள். சாம்ராஜ் தலைமை ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேரண்ட்ஸ் இருந்திருந்தா இந்நேரம் போலீஸ் வந்திருக்கும் சார். எவ்ளோ ஸ்மூத்தா முடிஞ்சுது பாருங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். சொன்னா அந்தம்மாங்களுக்குப் புரியறதில்ல."

பிரவீன் தன் இலையிலிருந்த எலும்பை ஒதுக்கினான். "நீ துண்ணலியாண்ணே? மாஸ்க்கயாச்சும் கழட்டு. இங்க உன்ன யாரு புடிக்கப் போறாங்க?"

முனிரத்தினம் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். கம்பெனி டீ-ஷர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டான். கனிஷ்கா சுவரோரம் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். மெடல் டி.வி. மேல் கிடந்தது. யாரும் அதை மாட்டி வைக்கவில்லை.

பாஞ்சாலி காத்திருந்தாள்.

"ஜெர்சியோட அம்மாவே சொல்றா, எம் பொண்ணு எப்பிடி ஃபர்ஸ்ட்டு வந்தாளோன்னு. கூட ஓடின பசங்க அத்தினி பேரும் கனிஷ்காதான்னு சொல்லுதுங்க. எவனோ கம்பெனிக்காரனாம், ரிப்பன் புடிச்சிக்கினு நின்னானாம், கைய காட்டிட்டானாம். இது வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. கம்பெனி ஆளுங்கள்ல எவன்யா அவன்? அந்த பிரவீனா?"

முனிரத்தினம் கால் கழுவப் போனான். திரும்பி வந்தான். அவள் விடவில்லை.

"கண்ணு அவிஞ்சவன். அவன் வூட்ல ஒரு பொம்பளப் புள்ள இருந்தா இப்பிடிச் செய்வானா? நான் உள்ள நின்னுருந்தா அங்கயே அவன் சட்டைய புடிச்சிருப்பேன். நீ இன்னா பண்ண? நீயும் அங்கதான இருந்த? பாத்துக்கினு சும்மாவா நின்ன?"

அவன் தட்டின் முன் உட்கார்ந்தான். பாஞ்சாலி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் குழம்பு தரையில் சிந்தியது.

கனிஷ்கா சாப்பிட்டு முடித்துவிட்டாள். இன்று தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டாள். வாசலருகே போனவள் நின்று திரும்பினாள்.

"அம்மா கேக்கறாங்கல்ல. சொல்லுங்க சார், யாரு அது?"