குழம்பு இறுகுவதற்குள்

1.

இந்தக் கதை ஒரு நிபந்தனையோடு என் கைக்கு வந்தது. கம்பாலாவில், ப்வைஸே சந்தில், நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிரே, படக் கொட்டகை வாசலில் சப்பாத்திக் கடை போட்டிருக்கும் நாலோங்கோ சொன்னார்: "எழுதுறதுன்னா எழுதிக்கோங்க, செபோ. முடிவ மட்டும் நீங்க போடாதீங்க." (செபோ என்றால் ஐயா.)

வாராவாரம் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, நேராக முடிவில் போய் உட்காருவான். நானும் அதைத்தான் செய்தேன்.

முதல் முயற்சி: கதவு தட்டப்பட்டது. திறந்தவள் உறைந்தாள். வாசலில், செத்துப்போன அவளுடைய கணவன்...

[நிறுத்திவிட்டேன். அவன் செத்தானா இல்லையா என்பதுதான் இந்தக் கதையின் ஒரே கேள்வி. முதல் வரியிலேயே கொன்றுவிட்டால் மிச்சத்தை எதை வைத்து ஓட்டுவது?]

இரண்டாவது முயற்சி: கவூமாவுக்கு அன்று பேச்சு வரவில்லை.

இது உண்மை. ஆனால் கவூமா யாரென்று தெரியாமல் இந்த வரிக்கு மதிப்பில்லை. ஆகவே முதலில் கவூமா.

2.

கவூமா ஒரு விஜே. பலகையடித்த கொட்டகையில் வெளிநாட்டுப் படம் ஓடும். பக்கத்தில் மேஜை போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் அவனே லுகாண்டா மொழியில் பேசுவான். கதாநாயகன், கிழவி, குழந்தை, குதிரை, எல்லாம் அவன்தான். படத்தின் சொந்தக் குரல் சுத்தமாக அடங்கியிருக்கும். சீனா, நைஜீரியா, கொரியா, எங்கிருந்து வந்த படமானாலும் ப்வைஸேவுக்குள் நுழைந்தால் ப்வைஸே ஆள்தான்.

அதோடு விடமாட்டான். சந்துச் செய்தியையும் உள்ளே திணிப்பான். ஒரு கொரியப் படத்தில் ராஜா ரகசியமாக இரண்டாம் கல்யாணம் செய்தபோது, "நம்ம பெயின்ட் கடை முவோங்கே மாதிரி" என்று சேர்த்துவிட்டான். முவோங்கேயின் மனைவி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரியும். மறுநாள் முவோங்கே கவூமாவைத் தேடி வந்து அடித்தான்.

(ஓரக்குறிப்பு: இந்தச் சம்பவத்தை நான் சிரிப்புக்காகச் சேர்க்கவில்லை. அடுத்த பகுதியில் நாலோங்கோ ஒன்றை நம்பப் போகிறார். ஏன் நம்பினார் என்று கேட்பீர்கள். முவோங்கேயை நினைத்துக்கொள்ளுங்கள்.)

3.

நாலோங்கோ என்றால் இரட்டையரைப் பெற்றவள். அந்த மரியாதைதான் அவருடைய பெயராகிவிட்டது. கணவர் லுபோவா காவல் வேலைக்கு ஈராக் போய் ஆறு வருடம். கடைசி நான்கு வருடமாகப் போனில் கூடச் சத்தமில்லை. காளானைக் குலச்சின்னமாகக் கொண்ட லுபோவாவின் குலத்தார் கூடி முடிவெடுத்தார்கள்: சனிக்கிழமை, மசாக்கா பக்கத்துத் தோட்டத்தில், உடல் இல்லாததால் ஒரு வாழைத்தண்டைத் துணியில் சுற்றிப் புதைத்துவிடுவது. இரட்டையரில் மூத்தவனுக்கு மரவுரி கட்டி வாரிசாக நிறுத்துவது. அதன் பிறகு நாலோங்கோ விதவை. லுபோவா நாளைக்கே நடந்து வந்தாலும் அவன் புதைக்கப்பட்டவன்.

இந்த நேரத்தில்தான் கொட்டகையில் ஒரு பிலிப்பைன்ஸ் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பதினோராவது பாகத்தில் கப்பல்காரன் மனைவியிடம் விடைபெறுகிறான். கீழே ஓடிய ஆங்கில வரி, "எனக்காகக் காத்திரு." கவூமாவுக்கு அது சப்பென்று இருந்தது. மைக்கில் அவன் சொன்னது:

"அழாத புள்ள. கடலைக் குழம்பு இறுகறதுக்குள்ள வந்துருவேன்."

கொட்டகை சிரித்தது. வாசலில் நாலோங்கோவின் கல்லில் முட்டை கருகியது.

அது லுபோவாவின் வார்த்தை. வேர்க்கடலைக் குழம்பு சட்டென்று இறுகிவிடும்; கடைக்குப் போனாலும் அதைத்தான் சொல்வான். ஈராக் போனபோதும் அதைத்தான் சொன்னான்.

படம் முடிந்ததும் நாலோங்கோ கரண்டியோடு உள்ளே போனார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"அவரு எங்க இருக்காரு?"

"யாரு நாலோங்கோ?"

"மைக்குல நடிக்கிறது போதும். அவரு உங்கிட்டப் பேசியிருக்காரு."

"ஐயோ, உங்க வீட்ல எத்தன தடவ சாப்ட்ருக்கேன். அப்ப கேட்டது. வாய்ல வந்துச்சு, போட்டேன்."

"முவோங்கே சமாச்சாரமும் வாய்லதான் வந்துச்சா?"

கவூமா மைக் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"உனக்கு எதுவோ தெரியும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தைரியமில்ல, படத்துக்குள்ள வெச்சுச் சொல்ற. சரி, சொல்லு. கடைசி பாகத்துல அந்தக் கப்பல்காரன் வீட்டுக்கு வந்தா, சனிக்கிழம நான் மசாக்கா போற வண்டியில ஏறமாட்டேன்."

4.

கடைசி பாகம் வெள்ளிக்கிழமை காலை வந்தது. கீழே ஆங்கில வரி இல்லாமல் வந்தது.

கவூமா என் வீட்டுக்கு ஓடிவந்தான். "செபோ, நீங்க தொடர் எழுதுற ஆளு. பாத்துச் சொல்லுங்க, இவன் யாரு?"

பார்த்தோம். கதவு தட்டப்படுகிறது. மனைவி திறக்கிறாள். வாசலில் கப்பல்காரன். இதோ வந்துவிட்டானே என்பீர்கள். இருபத்துமூன்றாவது பாகத்தில் அவனை உரித்து வைத்தாற்போல ஒரு இரட்டைச் சகோதரன் இருப்பதாகக் காட்டிவிட்டார்கள். (நான் எழுதியிருந்தாலும் காட்டியிருப்பேன். பழைய தந்திரம், ஆனால் வேலை செய்யும்.) வாசலில் நிற்பவன் புருஷனா, அண்ணன் செத்ததைச் சொல்ல வந்த தம்பியா? ஒன்றரை நிமிடம் பேசுகிறான். அவள் அழுகிறாள். சந்தோஷத்திலும் அப்படித்தான் அழுவார்கள். படம் முடிகிறது.

திரும்பத் திரும்ப நான்கு முறை ஓட்டினோம். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ எழுதிய வசனம் எங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. புரியவில்லையே என்ற வெட்கத்தைவிடத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் எனக்கு அதிகமாக இருந்தது. என்னதான் சொல்கிறான்?

"புருஷன்னே சொல்லிடவா?" என்றான் கவூமா.

"சொன்னா அந்தம்மா ஆயுசுக்கும் காத்துக்கிட்டு இருக்கும்."

"தம்பின்னு சொல்லிட்டா?"

"லுபோவாவ நீ பொதைச்ச மாதிரி ஆயிரும்."

"இதுக்கா ஒங்களக் கேட்டேன்? எதச் சொன்னாலும் ஒரு அடி குடுக்குறீங்களே."

5.

[இந்தப் பகுதியை மூன்று தரம் அடித்து எழுதினேன். ஒரு பிரதியில் கவூமாவை வில்லனாக்கினேன். அவனுக்கு நாலோங்கோ மேல் ஒரு கண், லுபோவாவின் கடிதங்களை அவனே ஒளித்து வைத்திருக்கிறான், மேஜை இழுப்பறையில் ஒரு கட்டு... நன்றாக ஓடும். ஆறு வாரம் இழுக்கலாம்.

ஆனால் அந்த இழுப்பறையை எனக்குத் தெரியும். பழைய மைக் கம்பிகளும் பாதி தின்ற பலாக்கொட்டையும்தான் அதில் இருக்கும். அவன் தப்பு அவ்வளவு பெரிதில்லை. சிநேகிதன் ஞாபகம் வந்தது, அதை இன்னொருவன் வாயில் வைத்தான். நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்?]

6.

வெள்ளிக்கிழமை நான்கு மணி. கொட்டகை நிரம்பியிருந்தது. நாலோங்கோ கடையை மூடிவிட்டு முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

கதவு தட்டப்பட்டது. அவள் திறந்தாள். அவன் நின்றான்.

கவூமாவுக்குப் பேச்சு வரவில்லை.

"மைக் கெட்டுப்போச்சா, வாய் கெட்டுப்போச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "முவோங்கேகிட்ட வாங்கின அடி இப்பத்தான் வலிக்குது போல" என்றான் இன்னொருவன். சிரிப்பு. முவோங்கேயும் சிரித்தான்.

நாலோங்கோ எழுந்தார். நேராக மேஜைக்குப் போய் மைக்கைக் கையில் எடுத்தார். திரையில் நின்றவனைப் பார்த்து, தன் சொந்தக் குரலில், சாதாரணமாகக் கேட்டார்:

"குழம்பு இறுகி ரொம்ப நாளாச்சு. எங்க போயிட்டீங்க?"

கேட்டுவிட்டு மைக்கைக் கவூமாவின் வாயருகில் நீட்டினார்.

இருபது வருடத்தில் கவூமா ஒரு இடைவெளி விட்டதில்லை. குதிரை கனைக்க மறந்தால் இவன் கனைப்பான். இப்போது உதடு அசைந்தது. பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டினான். கை மட்டும் மேஜையடியில் போய், அடங்கியிருந்த படத்தின் சத்தத்தைத் திறந்துவிட்டது.

அந்த மனிதனுடைய குரலை ப்வைஸே முதல் தடவையாகக் கேட்டது. கரகரப்பாக இருந்தது. கவூமா கொடுத்த குரலைவிட வயதானது. படம் முடியும்வரை அவன் பேசினான். ஒருவருக்கும் புரியவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை.

திரை இருண்டதும் நாலோங்கோ மைக்கை மேஜையில் வைத்தார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"தெரியாது, நாலோங்கோ."

"இத அன்னைக்கே நம்பியிருக்கணும். சரி, போ. சாப்ட்டியா?"

7.

சனிக்கிழமை காலை ஏழு மணி. குலத்தாரின் வேன் சந்து முனையில் நின்று ஹாரன் அடித்தது. மரவுரியை வீட்டு வாசலில் மடித்து வைத்திருந்தார்கள். நாலோங்கோ கடையடுப்பில் கடலைக் குழம்பு வைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். நிபந்தனையை என்னிடம் சொன்னது அப்போதுதான்.

முடிவு ஒன்று: அவர் வேனில்...

முடிவு இரண்டு: வேன் அவர் இல்லாமல்...

முடிவு மூன்று: அந்த நேரம் பார்த்துப் போன் ஒலித்தது. [இதை என் பத்திரிகை ஆசிரியர் விரும்புவார். நாலோங்கோ கரண்டியோடு வருவார்.]

அன்று நடந்தது எனக்குத் தெரியும். பத்தடி தூரத்தில்தான் நின்றேன். சொல்லமாட்டேன். கவூமா மேஜையடியில் கையை விட்டபோது நானும் ஒன்று கற்றுக்கொண்டேன்.

ஆனால் அந்த இடம்வரை உங்களைக் கொண்டுவந்து விடுவேன். குழம்பு இறுகத் தொடங்கிவிட்டது, கரண்டி கனக்கிறது. தண்ணீர் விட்டால் இளகும், இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கலாம். விடாவிட்டால் இறக்கிவிட வேண்டியதுதான். வேன் மறுபடி ஹாரன் அடிக்கிறது. நாலோங்கோவின் வலது கையில் கரண்டி. இடது கையில் ஒரு குவளைத் தண்ணீர்.

குவளையை இப்போது நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.