அம்புகள் போய்க் குத்திய வீடு

நிலத்தடி நீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணினி வரைபடத்தில் அம்புகளாகப் போடுவது என் வேலை. அம்பு நீளமாக இருந்தால் வேகம் அதிகம். இன்று போட்ட வரைபடத்தில் நீளமான அம்புகளெல்லாம் ஒரே புள்ளியில் போய்க் குத்தின.

"எவனோ ராட்சச மோட்டார் வெச்சு உறிஞ்சுறான்மா. எந்த வீடுன்னு பாரு, இன்னைக்கே நோட்டீஸ் அனுப்பிடலாம்" என்றார் மேலதிகாரி.

அம்புகளுக்கு அடியில் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பெரிதாக்கினேன். மொட்டை மாடி, மூன்று நீலத் தொட்டிகள், பின்னால் தகரக் கொட்டகை. அந்த மாடியில்தான் தினமும் நான் துணி காயப்போடுகிறேன்.

கைப்பேசி அடித்தது. மாமனார். இந்த மனுஷன் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்.

"தெருவுல எல்லார் வீட்டுக் குழாய்லயும் வெறும் காத்துதான் வருதாம்மா. நம்ம வீட்ல பாரு, கொட்டுது! நீ காட்டின இடத்துல போர் போட்டது வீண் போகல."

மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"யார் வீடும்மா அது?"

வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.