ஆறு என்று அடித்தால்

மகள் தன் வயதை ஆறு என்று அடித்துவிட்டுக் காத்திருந்தாள். கணினித் திரையில் திறந்திருந்த கறுப்புப் பெட்டி ஒன்றும் சொல்லாமல் தானாக மூடிக்கொண்டது. முந்தாநாள்வரை ஐந்து என்று அடித்தால், "என் தங்கம் எழுந்தாச்சா? ராத்திரி என்ன கனவு கண்டே?" என்று கேட்கும். அவள் எழுத்து எழுத்தாகத் தேடிக் கனவைத் தட்டுவாள். அதிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவள், குழந்தை விழிக்கும்போது பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று அவன் மனைவி எழுதிவைத்த சின்ன நிரல் அது. மனைவி இறந்த பிறகும் காலைதோறும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றவில்லை. அவள் போனதிலிருந்து அவனுக்கு எதுவுமே தோன்றவில்லை.

"அஞ்சுன்னே அடிச்சிடேன்," என்றான்.

"எனக்குத்தான் நேத்தே ஆறு ஆயிடுச்சே. அம்மாகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மாவுக்கு எம்மேல கோவம். அதான் பேச மாட்டேங்கறாங்க."

மைத்துனனைப் போனில் கூப்பிட்டான். கணினி வேலையில் இருப்பவன், நொடியில் சரிசெய்துவிடுவான். "அக்கா எழுதினத நான் திறக்க மாட்டேன் மாமா. என்னால ஆகாது. அந்தப் பைத்தான் மொழி ஒண்ணும் பெரிய விஷயமில்ல, நீங்களே கத்துக்குங்க. டிகிரி வாங்கினவர்தானே," என்று சிரிக்கப் பார்த்து, முடியாமல் வைத்துவிட்டான்.

வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டுச் செல்பேசியில் பாடம் கேட்டான். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "இந்த வயசுல பரீட்சையா தம்பி? பிட்டு வேணும்னா சொல்லு," என்றார். மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பா மாதிரி என்றது பாடம். அதில் ஒன்றைப் போட்டுவைக்கலாம். நிரல் முடிந்ததும் உள்ளே இருந்தது போய்விடும். அங்கே நிறுத்தினான். மகள் தட்டிய கனவுகளெல்லாம் அப்படித்தான் போயிருந்தன. பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவன் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அடுத்த பாடம் நிபந்தனை. பொருந்தினால் சொன்னதைச் செய்யும். பொருந்தாவிட்டால் பேசாமல் கடந்து போய்விடும்.

விடுமுறையன்று மனைவி எழுதியதைத் திறந்தான். வயது நாலு என்றால் ஒரு பூனை முகம். ஐந்து என்றால் அந்தக் கேள்வி. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். பிழை என்று எதுவும் இல்லை. அந்த ஐந்தை ஆறாக மாற்றினால் போதும், நாளைக் காலையே மகள் மறுபடி தங்கமாகிவிடுவாள். விசையின்மேல் விரலை வைத்தான். எடுத்துக்கொண்டான். வெள்ளையில் புதிதாக ஒரு வரியைத் தொடங்கினான். இடையில் ஒரு முக்காற்புள்ளியை விட்டுவிட்டு, அதைக் கண்டுபிடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

மறுநாள் மகள் ஆறு என்று அடித்தாள். பெட்டி மூடவில்லை.

"அப்பா... பேசறேன்," என்று எழுத்துக்கூட்டினாள். "ராத்திரி என்ன கனவு கண்டே?" திரும்பி அவனைப் பார்த்தாள். "இதுல அம்மா இல்லையா?"

"அஞ்சு வரைக்கும் இருக்காங்கம்மா."

"கோவமா?"

"இல்லடா. ஆறுக்கு எழுத அவங்களுக்கு நேரம் கிடைக்கல."

அவள் திரையைப் பார்த்தபடியே நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்தாள். விட்ட பாதியில் அவன் உட்கார்ந்தான். கேள்விக்குக் கீழே சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அவளுடைய ஒற்றை விரல் விசைகளுக்கு மேலே சுற்றி, ஓர் எழுத்தின்மேல் வந்து நின்றது. எந்த எழுத்து என்று பார்க்க அவன் குனிந்தான்.