கோழித்தூக்கத்தில் ஒரு மீட்டர்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாராவது கண்டுபிடித்தால் அசிங்கம். என் அக்கா மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு விடுமுறை நாள் காலையில் நாங்கள் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில், "கரண்ட் போனா மீட்டர் கோழித்தூக்கம் போடும்" என்றாள். நான் மடித்த சட்டையை மறுபடி பிரித்துவிட்டேன். கோழித்தூக்கம் தெரியும், மீட்டரும் தெரியும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டதில்லை. மீதிக் கதையை அவளிடமிருந்து பிடுங்க அந்தத் துணிமூட்டை முழுவதும் தேவைப்பட்டது.

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கோ, ஆனால் என்னை அதில் இழுக்காதே என்றாள். ஆகவே இந்தக் கதையின் பரிசோதகர் ஓர் ஆண். மீசை வைத்தவர்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மின்சாரம் போனதும் தெருவே இருளில் மூழ்கி—

(இல்லை. மின்சாரம் போனது காலை பதினொரு மணிக்கு. எதுவும் எதிலும் மூழ்கவில்லை.)

இரண்டாம் முயற்சி: பரிசோதகர் மீசையை நீவியபடி மீட்டரைப் பார்த்தார். மீட்டரும் அவரை—

(மீட்டருக்குக் கண் கிடையாது. எனக்கு எப்போதுதான் புத்தி வரப்போகிறதோ.)

சரி, அலங்காரம் வேண்டாம். மீட்டருக்குள் நகம் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரை அது முழு விழிப்பில் கணக்கெடுக்கும். மின்சாரம் போனால் ஒரு சின்ன பேட்டரியை நம்பித்தான் பிழைக்க வேண்டும். அந்த பேட்டரி பல வருடம் வரவேண்டும் என்பதால், சில்லு தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கும். அதற்குப் படிகள் உண்டு. தயாரித்தவர்கள் அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். கூடத்தில் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. முழிப்பு, அரைத்தூக்கம், கோழித்தூக்கம், கும்பகர்ணன்.*

*கும்பகர்ணன் எதையும் கவனிக்க மாட்டான். இந்தக் கதைக்கு அவன் தேவையில்லை.

கோழித்தூக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அவ்வப்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து (கண் என்று எழுதிவிட்டேன், போகட்டும்) சில்லு ஒரே ஒரு கேள்வி கேட்கும்: மின்சாரமே இல்லாதபோது கம்பியில் ஏதாவது ஓடுகிறதா? ஓடினால், யாரோ மீட்டரை ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம். 'திருட்டு' என்று குறித்துவைத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். எவ்வளவு ஓடினால் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வது? அதற்கு ஒரு வரம்பு எண் உண்டு. அந்த எண்ணைப் போட்டுக் கையெழுத்திடுவது பரிசோதகரின் வேலை.

3

இப்போது வண்ணமீன் கடைக்காரர் வருகிறார். சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். மின்சாரம் போனால் தண்ணீருக்குள் காற்று ஊதும் பம்புகள் நின்றுவிடும் என்பதால், கடையில் சொந்தமாக ஒரு பெரிய பேட்டரி வைத்திருக்கிறார். அதைப் பொருத்திக் கொடுத்த ஆள் நீளம் மிஞ்சிய கம்பியை வெட்டச் சோம்பல்பட்டு, மீட்டரைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோயிருந்தான்.

பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. பேட்டரி வேலை செய்தது. மீன்கள் பிழைத்தன. மின்சாரம் திரும்பியதும், மீட்டர் குறித்துவைத்த 'திருட்டு' அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் இரண்டு ஊழியர்கள் வந்து இணைப்பைத் துண்டித்து, கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். 'மின்திருட்டு' என்ற எழுத்தை எதிர்ச்சாரியில் நின்றே படிக்கலாம். பள்ளிக்கூடத் தொட்டிக்கு மாதாமாதம் மீன் வாங்கும் ஆசிரியை, அதைப் படித்துவிட்டு அந்தச் சாரியோடே போய்விட்டார்.

கடைக்காரர் இரண்டு நாள் பேட்டரியை வைத்தே ஓட்டினார். விளக்கை அணைத்தார், மின்விசிறியை அணைத்தார், பம்பைத் தொட்டி தொட்டியாக மாற்றிப் பத்துப் பத்து நிமிடம் போட்டார். (இவரும் அந்தச் சில்லு மாதிரியே, என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாதா என்ன.) கடைசித் தொட்டிக்கு முறை வருவதற்குள் அதிலிருந்த கறுப்பு மீன்கள் மிதந்தன. எல்லா மீனும் செத்துவிட்டதாக எழுதினால் கதை இன்னும் உருக்கமாக இருக்குமே என்று அக்காவிடம் கேட்டேன். செத்தது போதும் என்றாள்.

4

கடைக்காரர் முறையிட்டார். பரிசோதகர் நேரில் போனார். மீட்டரைச் சுற்றிய கம்பியைப் பார்த்தார். கூடத்துக்குத் திரும்பி, இன்னொரு மீட்டரில் அதேபோல் கம்பியைச் சுற்றி மின்சாரத்தை நிறுத்தினார். அதுவும் 'திருட்டு' என்றது.

சில்லு தயாரித்தவர்கள் தந்த தாளில் வரம்பு எண் 10 என்று இருந்தது. ஆனால் அவர்கள் நம்மைப்போல் பத்துப் பத்தாக எண்ணுகிறவர்கள் இல்லை. பதினாறு பதினாறாக எண்ணுகிறவர்கள். அவர்கள் 10 என்று எழுதினால் நாம் பதினாறு என்று படிக்க வேண்டும். பரிசோதகர் நம் கணக்கில் பத்து என்றே போட்டிருந்தார். வரம்பு தாழ்ந்ததால், ஒட்டிப் போகும் கம்பியின் மெல்லிய தாக்கம்கூடச் சில்லுக்கு ஓட்டமாகத் தெரிந்தது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. சொல்லிக்கொடுப்பதே இந்தப் பரிசோதகர்தான்.

பத்து என்று போட்டிருந்த கூடத்துத் தாளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அவர் மீசையை—

மன்னிக்கவும். இந்த மீசையை இனிமேல் என்னால் கட்டிக்கொண்டு அழ முடியாது. அது என் அக்காவின் கையெழுத்து. அவள்தான் அந்தத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது என்று அவளே சொன்னாள். மடிக்க வேண்டிய துணி அப்போது அவள் மடியில் அப்படியே கிடந்தது.

5

மேலதிகாரியை வில்லனாக்கப் பார்த்தேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும், அலுவலகத்திலிருந்தபடியே எல்லா மீட்டர்களிலும் எண்ணை மாற்றச் சொன்னார். அன்றைக்கே கடைக்கு இணைப்பும் கொடுத்தார். எழுத்தில் மட்டும் எதுவும் வேண்டாம் என்றார். ஒரு மீட்டருக்கு எழுதிக் கொடுத்தால் மற்ற மீட்டர்களையும் கிளறுவார்கள், கடைசியில் அது கையெழுத்துப் போட்டவரின் வேலைக்கே உலை வைத்துவிடும் என்றார். அக்காவின் நன்மைக்காகவும்தான் சொன்னார்.

அக்கா மறுபடி கடைக்குப் போனாள். சிவப்புத் தாளைக் கடைக்காரர் சுரண்டி எடுத்திருந்தார். பசை மட்டும் போகாமல் சதுரமாக நின்றது. தவறு எங்கள் பக்கம்தான், அதுதான் மின்சாரம் வந்துவிட்டதே என்று அவள் சொன்னாள்.

"திருடன்னு தாள்ல எழுதி ஒட்டினீங்க மேடம். இல்லேன்னு வாயால சொல்றீங்க" என்றார் அவர். "அதே இடத்துல ஒட்டுற மாதிரி ஒரு தாள் குடுங்க."

அக்கா காலியாக இருந்த கடைசித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

6

முடிவு, முதல் வகை: அக்கா எழுதிக் கொடுக்கிறாள். தெருவே கூடி நின்று கைதட்டுகிறது. (தெருவுக்கு வேறு வேலை இல்லையா.)

இரண்டாம் வகை: அவள் எழுதிக் கொடுக்கவில்லை. நாளாக நாளாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அவளும் மறந்து—

(இது பொய். என் அக்கா படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவள். இப்போதெல்லாம் அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று அத்தான் சொல்கிறார்.)

மூன்றாம் வகை: அந்தக் கடிதத்தைக் கதைக்குள் நானே எழுதிவிடுவது. எழுதினேன். தனித்தாளில், ஏழே வரி. என்ன எண், எப்படித் தவறியது, யார் போட்டது, கடைக்காரர் எதையும் திருடவில்லை. கீழே கையெழுத்துக்கு இடம். எழுதி முடித்ததும், என்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

7

நேற்றுக் காலை எல்லாத் தாள்களையும் அக்காவிடம் கொடுத்தேன். தன்னை உள்ளே இழுத்ததற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மீசை வந்த இடத்தில் சிரித்தாள். கடைசித் தாளை மட்டும் இரண்டு முறை படித்தாள். பேனா கேட்டாள். நான் தேதியைத் தப்பாகப் போட்டிருந்தேன், அதைத் திருத்தினாள். பிறகு அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அது கதையின் முடிவு, அதை எடுத்துக்கொண்டு போனால் எப்படி என்றேன்.

"உனக்குத்தான் அது முடிவு" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதில் கையெழுத்துப் போட்டாளா, மேலதிகாரியிடம் காட்டினாளா, வழியில் கிழித்துப் போட்டாளா, எனக்குத் தெரியாது. என்னிடம் நகல் இல்லை. இருந்தாலும், என் கையெழுத்து அங்கே செல்லாது. ஆகவே, கடிதம் வரவேண்டிய இடத்தை விட்டுவைக்கிறேன்:

[                                        ]

உங்கள் பக்கத்தில் வண்ணமீன் கடை ஏதாவது இருந்தால், போகிற வழியில் கதவைக் கொஞ்சம் பாருங்கள். கண்ணாடியில் சதுரமாகப் பசை தெரிகிறதா என்று பாருங்கள். அதன்மேல் ஏழு வரியில் ஒரு தாள் ஒட்டியிருந்தால், இந்தக் கதை அங்கே முடிந்துவிட்டது. பசை மட்டும் இருந்தால், முடிவு இன்னும் என் அக்காவின் கைப்பையில் இருக்கிறது.