ஆறாவது குட்டி

முதல் நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாளே செத்துப்போனது. அது சோர்ந்து படுத்தபோதே மகள் அழுதாள். "ஒரு நாள் பார்ப்போம், சரியாகிடும்" என்று தட்டிக்கழித்தது அப்பாதான். மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். "நேத்தே வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. பார்வோ என்று நோயின் பெயரையும், அது ரத்தமாகப் போகவைத்து குட்டிக்குக் குட்டி ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சொன்னார். அதன்பின் எட்டு மாதம் ஓடிவிட்டது. மகள் அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது லிப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு.

அதனால் இரண்டாவது குட்டி பார்க்கப் போன சனிக்கிழமை காலை, பத்து வயது மகளைவிட அவருக்குத்தான் படபடப்பு. டாக்டரம்மா சொல்லியனுப்பியதைப் படியேறும்போதே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். கண்ணில் பீளை இருக்கக் கூடாது. மூக்கு ஒழுகக் கூடாது. ஈறு வெளுத்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தாயைப் பார்க்காமல் குட்டியை எடுக்கவே கூடாது.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தவள், குட்டி தருவதாகச் சொல்லியிருந்த தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கூடத்தில் இரண்டு தையல் மெஷின்களுக்கு நடுவே அட்டை வைத்து அடைத்த இடத்தில் ஐந்து குட்டிகள் இருந்தன. நான்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருண்டன. ஒன்று மட்டும் ஓரமாகப் படுத்திருந்தது. மகள் நேரே போய் அதைத்தான் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அது ரொம்ப சாது பாப்பா. வச்ச இடத்துல இருக்கும்" என்றாள் தையல்காரி.

அவர் குனிந்து அதன் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு வெளிறிக் கிடந்தது. தரையிலிருந்த கிண்ணத்தை விரலால் தட்டினார். நான்கும் விழுந்தடித்து ஓடிவந்தன. மடியில் இருந்தது தலையைத் தூக்கிவிட்டு மறுபடி கவிழ்ந்துகொண்டது. கூடம் முழுக்கப் பினாயில் நெடி. எதையோ அவசரமாகக் கழுவித் துடைத்திருக்கிறார்கள்.

"தாய் எங்கம்மா?"

"அது... தங்கச்சி வீட்டுல விட்டிருக்கேன் சார். ஆள் வந்தா குலைச்சே மானத்தை வாங்கிடும்."

"ஏழு வாரக் குட்டிங்களை விட்டுட்டா?"

"பால் மறந்தாச்சு சார். எடுக்கிறதா இருந்தா சீக்கிரம் சொல்லுங்க. பதினோரு மணிக்கு வேற ஆள் வர்றாங்க."

அப்போதுதான் அவருக்கு அது கேட்டது. ஓடும் லிப்டில் எங்கே தேய்கிறது என்று இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய காது. பின்னறையின் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தரையை நகம் பிராண்டும் சத்தம். பிறகு நூல்போல ஒரு முனகல்.

"உள்ள என்ன?"

"தைக்க வந்த துணி சார்."

"துணி முனகுமா?"

தையல்காரி கதவை மறித்து நின்றாள். உள்ளே நோய் கண்ட நாய் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண்ணு, அதைக் கீழ விடு. கிளம்பு."

மகள் குட்டியைக் கீழே விட்டாள். ஆனால் வாசல் பக்கம் வரவில்லை. "அப்பா, உள்ள ஒண்ணு அழுவுது" என்றவள், தையல்காரியின் கைக்கு அடியில் புகுந்து கதவைத் தள்ளிவிட்டாள்.

துணிமூட்டைகளுக்கு நடுவே வெள்ளைத் தாய்நாய் படுத்திருந்தது. அதன் முன்னங்கால்களுக்கிடையே ஆறாவது குட்டி. அடியில் விரித்த துணியில் ரத்தக்கறை. தாய் பல்லைக் காட்டி உறுமியது. மகளுக்கும் அதற்கும் இடையில் ஒரு முழத் தூரம்தான்.

"அசையாதே!" என்றார்.

தையல்காரி பாய்ந்துபோய் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணுமில்லடி... ஒண்ணுமில்ல." உறுமல் மெல்ல அடங்கியது. அதன்பின் உடைந்தது அவள்தான்.

"விடிகாலையில இந்தக் குட்டிக்கு ரத்தமாப் போக ஆரம்பிச்சது சார். இது குட்டியை விட்டு நகர மாட்டேங்குது. மத்ததையாவது நாலு வீட்டுக்கு அனுப்பிட்டா பிழைச்சுக்கும்னு..."

"எங்க வீட்டுக்கு வந்து சாகட்டும்னு விட்டீங்களா? என் பொண்ணு இன்னொரு தடவை..."

"அப்பா, திட்டுறதை அப்புறம் திட்டுங்க" என்றாள் மகள். "இன்னிக்கே போகணும்ப்பா. நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

எட்டு மாதமாக வராத வார்த்தை வந்துவிட்டது. அவர் தையல்காரியிடம் திரும்பினார்.

"பெரிய கூடை இருக்காம்மா? ரெண்டு கொடுங்க. நோவு கண்டது தனி, மத்தது தனி."

அன்றே டாக்டரம்மா செய்த பரிசோதனையில், ஓரமாகப் படுத்திருந்த அந்தச் சாதுவுக்கும் ஆறாவதுக்கும் பார்வோ என்று தெரிந்தது. ஆறாவது குட்டி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மத்தியானம் போய்விட்டது. மேஜை ஓரத்தில் தையல்காரி அழுதாள். அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகளும் அழுதாள். அவருக்கு யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை. சாது நான்கு நாள் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவும் மகளும் போய் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். நான்காம் நாள் அது எழுந்து தண்ணீரை நக்கியது. மற்ற நான்கிற்கும் ஒன்றும் ஆகவில்லை.

தடுப்பூசிகள் போட்டு முடித்து, "இனி பயமில்லை" என்று டாக்டரம்மா சொன்ன பிறகு தையல்காரியே போன் செய்தாள். "பாப்பா வந்து முதல்ல எடுத்துக்கட்டும் சார். அப்புறம்தான் மத்தவங்க."

மகள் சாதுவைத்தான் எடுப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளோ ஒவ்வொன்றையும் நடக்கவிட்டு, காதை மடக்கிப் பார்த்து, கடைசியில் பழுப்பு நிற முரடன் ஒன்றைத் தூக்கினாள்.

"அப்ப சாது?"

"அதை இவங்க விடமாட்டாங்கப்பா. அதுவும் இவங்க காலையே சுத்திச் சுத்தி வருது. இங்கேயே இருக்கட்டும்."

படியிறங்கும்போது முரடன் அவர் சட்டையை நனைத்துவிட்டான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் ஈரச் சட்டையோடு அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.