தேயாத பிரேக்

சோல்விக்கு எழுபத்தொரு வயது. பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரில் பெயரெடுத்தவள். அந்தப் பெயரை அவள் இரண்டு வருடமாக டெலிபோனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்லோவிலிருந்து மகள் இங்குன் கூப்பிடுவாள். "இந்த வாரம் எங்கெல்லாம் போனே?" என்று கேட்பாள். சோல்வி அளந்து விடுவாள். செவ்வாய் பாட்டுக் குழு, வியாழன் நீச்சல் குளம், சனிக்கிழமை தோழி கேர்ட் வீட்டில் காபி. பாட்டுக் குழு ஆள் சேராமல் கலைந்து போய் வெகு நாளாயிற்று. கேர்ட் மகனோடு பெர்கனுக்குப் போய்விட்டாள். நீச்சல் குளத்தில் தனியாகத் துண்டும் கையுமாக உட்கார்ந்திருக்க சோல்விக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். "நாலு சுவத்துக்குள்ளயே கிடக்கிறதா இருந்தா வீட்டை வித்துட்டு இங்க வந்துடும்மா" என்று இங்குன் முன்பே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்து முடிக்கிற ரகம் அவள். கடலைப் பார்த்த அந்த வீட்டை விட்டுப் போக சோல்வி தயாராக இல்லை.

மாட்டிவிட்டது கார்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையில் அது தேறவில்லை. பிரேக் சரியில்லை என்றார்கள் ஷோரூம்காரர்கள். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேட், டிஸ்க் எல்லாம் மாற்ற பதினாலாயிரத்து இருநூறு குரோனர். அந்தத் தொகையை மட்டும் சோல்வி மகளிடம் சொன்னாள்.

"பகல் கொள்ளைம்மா. அங்க ஓசியில குடுக்கிற காபிக்கும் சேத்துத்தான் பில் போடறாங்க. நம்ம ஓட்வார் கராஜுக்குக் கொண்டு போ. அதே வேலையைப் பாதி விலையில முடிப்பான். நான் பேசிட்டேன். பாத்துட்டு எனக்கு போன் பண்ணுன்னு சொல்லியிருக்கேன்."

ஓட்வார் இங்குனோடு பள்ளியில் படித்தவன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒற்றை ஆளாகக் கராஜ் நடத்துகிறான். காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தவன் சோல்வியைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"இதைப் பாருங்க. பேட் தேயவே இல்ல. டிஸ்க்தான் துரு பிடிச்சுக் கிடக்கு."

"மழை, கடல் காத்து..."

"மழை எல்லா வண்டிக்கும்தான் பெய்யுது. இது மின்சார வண்டி. ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை எடுத்தாலே மோட்டாரே வேகத்தைக் குறைச்சிடும், பிரேக்கை யாரும் தொடறதே இல்ல. நின்னும் கிடந்தா கேக்கவே வேண்டாம். ரெண்டு வருஷத்துல அறுநூறு கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கீங்க, சோல்வி."

சோல்வி குனிந்து துரு ஏறிய டிஸ்க்கைப் பார்த்தாள்.

"எதையும் மாத்த வேண்டாம். துருவைத் தேச்சு எடுத்துடறேன், ஆயிரத்து எண்ணூறு குடுங்க. அப்புறம் வாரம் ஒரு தடவை தூரமா ஓட்டுங்க. ஆளில்லாத ரோட்டுல நல்லா அழுத்தி பிரேக் போடுங்க. சரியாயிடும்."

"எங்க ஓட்டறது?"

கேட்டுவிட்டுத்தான் தான் கேட்டது என்னவென்று அவளுக்கே உறைத்தது. முகம் சூடாகிவிட்டது. ஓட்வார் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"இங்குன் கேட்டா, ஓடி ஓடித் தேஞ்சு போச்சுன்னு சொல்லுவியா?" என்றாள் சோல்வி.

"கேட்டா இருக்கிறதைத்தானே சொல்லணும்? பொய் சொல்ல ஆரம்பிச்சா அப்புறம் என் கடைக்கு யாரு வருவா?"

"அப்போ வேண்டாம். சக்கரத்தை மாட்டிடு. வேலை வேண்டாம்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு அவகிட்ட சொல்லு. அது நிஜம்தானே?"

அவன் யோசித்தான். "அது மட்டும்னா சொல்றேன்" என்றான். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. "காபி போடறேன், குடிச்சிட்டுப் போங்க" என்றான். சோல்வி நிற்கவில்லை. பல மாதமாக யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று பயந்து ஓடி வந்துவிட்டாள்.

வண்டியை ஷோரூமிலேயே கொண்டு போய்க் கொடுத்தாள். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குத்தான் அங்கே கூடுதல் பணம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 'பிரேக் பேட், டிஸ்க் அனைத்தும் மாற்றப்பட்டன' என்று பில்லில் அச்சடித்துக் கொடுத்தார்கள். குளிர்காலத்துக்கு விறகு வாங்க வைத்திருந்த பணம் அதோடு போயிற்று. சோல்வி பில்லைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"அங்கயே போய்க் குடுத்தியா? உன்னைத் திருத்தவே முடியாதும்மா." இங்குன் சிரித்தாள். "நாலு சக்கரமும் தேயற அளவுக்கு அப்படி எங்கதான் சுத்தறே?"

"எங்கயாவது போய்க்கிட்டேதான் இருக்கேன்."

"நல்லதுதான், போ. நிஜமா சொல்றேன், இந்த மாசம் பூரா எனக்கு உன் நெனப்புதான். நீ பேசற குரலே ஒரு மாதிரி இருந்துது. ரெண்டு வாரம் லீவு போட்டு உன்கூட வந்து இருக்கலாம்னு ஆபீஸ்ல கேட்டுக்கூட வச்சிருந்தேன். இந்த பில்லைப் பாத்தப்புறம்தான் மனசு நிம்மதியாச்சு. நான் வந்தாலும் நீ வீட்ல எங்க இருக்கப் போறே?"

வாயேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி சோல்வி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்" என்றாள். "எனக்கு எங்க நேரம்?"